தாத்தா சமாதி எந்தப் பக்கம்? கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பூர்வீக ஊர்ப் பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம். பண்ருட்டிக்கு மேற்கே ஒரு முந்திரிக் கொல்லையில், பதினோரு பேர் சேர்ந்து யாரோ ஒருவருடைய சமாதிக்கு மாலை போட்டு, சூடம் ஏற்றி, விழுந்து கும்பிட்டோம். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் வந்து கேட்டார்: "இது எங்க மாமனாரு. நீங்கள்லாம் யாரு?"

அத்தை சொன்ன அடையாளம் தவறில்லை. "ரெண்டு பலாமரத்துக்கு நடுவுல, கிழக்க பாத்தாப்ல." மரங்கள்தான் இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல், இந்தப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதோடு, அத்தை அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தவரும் இல்லை. எங்கள் வீட்டில் அப்போது பெண்களை மயானத்துக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். அண்ணன்மார் சொல்லிக் கேட்டதைத்தான் அத்தை நாற்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்தார். நாங்கள் அதைச் சரிபார்க்காமல், கண்ணில் பட்ட சிமெண்ட் மேடையை எங்களுடையது என்று முடிவு கட்டிவிட்டோம்.

அந்த அம்மாவிடம் தாத்தா பெயரைச் சொன்னோம். தெரியவில்லை. அப்பா பெயர், தெரியவில்லை. அத்தைதான் மெல்ல, "ரங்கூன்காரர் வூடும்மா" என்றார். "அட, அந்த வூடா!" என்று கையிலிருந்த கோலை நீட்டினார் அந்த அம்மா. அறுபது எழுபது அடி தள்ளி, முள்ளுக்குள் ஒரு செங்கல் மேடு.

அதன் பிறகு மனைவியின் பக்கத்துக்காகப் புதுச்சேரியிலும், ஒரு நண்பர் குடும்பத்தோடு பரங்கிப்பேட்டையிலும் இதே மாதிரி அலைந்திருக்கிறேன். கிளம்ப நினைப்பவர்கள் எங்கள் தவறுகளையாவது மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: வண்டி பேசுவதல்ல, பெரியவர் பக்கத்தில் உட்காருவது

குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வீட்டில் எண்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தால் நாளையே. "தாத்தா பத்திச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "நல்ல மனுசன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம்? பள்ளிக்கூடத்துக்கு எந்த ஆற்றைத் தாண்டிப் போனீர்கள்? கருமாதி எந்த ஆற்றங்கரையில் நடந்தது? கடைசியாக யாருடைய சாவுக்கு ஊருக்குப் போனீர்கள்? கெடிலமா, பெண்ணையாறா, மணிமுத்தாறா என்ற ஒரு பதிலிலேயே தேட வேண்டிய பரப்பு பாதியாகக் குறையும்.

எழுத வேண்டாம், செல்போனில் பேச்சைப் பதிந்து வையுங்கள். எழுதும் ஆளைக் கண்டால் பெரியவர்கள் சாட்சி சொல்வது போலப் பேச ஆரம்பிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டுக்கு ஊர் வைத்த பெயர். ரங்கூன்காரர் வூடு, கொல்லத்தெரு வூடு, மேலண்ட வூடு, வைத்தியர் வகையறா. இனிஷியலோடு கூடிய பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான். ஊருக்குத் தெரிந்தது பட்டப்பெயர். சில பட்டப்பெயர்கள் கேலியாக இருக்கும். வீட்டில் சொல்லக் கூச்சப்படுவார்கள். விடாமல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வருடக் கணக்கு வேறு விதமாக வரும். "பிரமாதி வருசம் பொறந்தவரு" என்பார்கள். அறுபது வருடச் சுழற்சியில் இப்போதைய சுற்று 1987 சித்திரையில் பிரபவ என்று தொடங்கியது. பிரமாதி பதின்மூன்றாவது. ஆகவே 1999-2000, அதற்கு முந்தைய சுற்றில் 1939-40. எந்தச் சுற்று என்பதை ஆளின் வயதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம். "தாது வருசப் பஞ்சத்துல வந்து குடியேறினோம்" என்று ஒரு கதை உங்கள் வீட்டிலும் இருந்தால், அது 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம். பிழைக்க இடம் தேடிக் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் போன காலம். அப்படியானால் நீங்கள் தேடிப் போகும் ஊர் உங்கள் 'பூர்வீகத்தில்' இரண்டாவது ஊர்தான்.

எந்த ஊர், எந்த மாவட்டம், எந்த மாநிலம்?

சிரிக்க வேண்டாம். இந்த வட்டாரத்தில் மூன்றும் கேள்விதான்.

பழைய பத்திரத்தில் "தென்னாற்காடு ஜில்லா, கூடலூர் தாலுக்கா" என்று இருக்கும். கூடலூர் என்றால் நீலகிரிக்குப் போய்விடாதீர்கள். அது நம் கடலூர்தான். தென்னாற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டானது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. உங்கள் ஊர் இன்று எந்த மாவட்டம், எந்த வட்டம் என்று தெரிந்துகொண்டால்தான் சரியான அலுவலக வாசலில் நிற்பீர்கள்.

புதுச்சேரி இன்னும் வேடிக்கை. அது ஒரே துண்டு நிலமில்லை. கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டினால் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, அதே சாலையில் சற்று மேலே போனால் கன்னியக்கோயில் புதுச்சேரி. பாகூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு ஒரு மாநிலத்திலும் நிலம் இன்னொரு மாநிலத்திலும் உள்ள குடும்பங்கள் உண்டு. 1954க்கு முன்பு இறந்த தாத்தாவென்றால், எல்லைக்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயர் பதிவு (1947க்குப் பின் இந்தியப் பதிவு), அந்தப் பக்கம் பிரெஞ்சுப் பதிவு.

ஒரே பெயரில் மேல், கீழ், சின்ன, பெரிய என்று நான்கு ஊர் இருக்கும். பழைய போஸ்ட் கார்டு ஒன்று கிடைத்தால் போதும். அவற்றில் உங்கள் ஊர் எது என்பதை முகவரியில் உள்ள தபால் நிலையத்தின் பெயர் காட்டிக் கொடுத்துவிடும்.

நெய்வேலியைச் சுற்றி ஒரு தனித் துக்கம் உண்டு. 1950களில் தொடங்கிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பல கிராமங்கள் மொத்தமாக எடுக்கப்பட்டன. வீடு, கோயில், சுடுகாடு எல்லாம் பள்ளத்துக்குள். உங்கள் ஊர் அதில் ஒன்று என்றால், இடத்தைத் தேடாதீர்கள். அந்த ஊர் மக்களை எங்கே குடிவைத்தார்கள் என்று தேடுங்கள். குலதெய்வத்தையும் பெரும்பாலும் பிடிமண் எடுத்து அங்கேயே கொண்டுவந்து வைத்திருப்பார்கள்.

காகிதங்கள்

தமிழ்நாட்டுப் பக்கம் நான் நம்புவது ஒன்றைத்தான்: பழைய கிரயப் பத்திரம். அதில் தாத்தாவின் அப்பா பெயர், ஊர், தெரு, செக்குபந்தி என்று நாலெல்லையும் பக்கத்து நிலக்காரர்களின் பெயரும் இருக்கும். அந்தப் பக்கத்து நிலக்காரரின் பேரன் இன்றும் அங்கேதான் பயிர் வைத்துக்கொண்டிருப்பார். பத்திரம் காணாமல் போயிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கமும் நகலும் கேட்டு மனுப் போடலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு விவரத்தைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். மயானம் என்பது புறம்போக்கு என்று தனிச் சர்வே எண்ணோடு அ-பதிவேட்டில் இருக்கும். ஒரு ஊருக்கு இரண்டு மூன்று மயானம் இருந்தால் அதுவும் தெரியும். ஏன் இரண்டு மூன்று என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் கேட்பார்கள். சாதிக்கொரு சுடுகாடு என்ற உண்மையை மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. போகும் இடத்தில் அவர்கள் அதைக் கண்ணால் பார்க்கத்தான் போகிறார்கள்.

கர்ணம், மணியக்காரர் என்ற பரம்பரைப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. அந்த வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஊரில் இருந்தால், அலுவலகத்தைவிட அந்தத் திண்ணையில் அதிகம் கிடைக்கும்.

புதுச்சேரிப் பக்கம் நிலைமை நேர்மாறு. இங்கே காகிதம் பேசும். பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் கொம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) வாரியாகப் பதிந்து வைத்தார்கள். புதுச்சேரிக்காரர்கள் வாயில் அது 'எத்தா சிவில்'. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவேடுகள் பலவற்றைப் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஊரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம் இணையத்தில் படமாகப் போட்டிருக்கிறது. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் 'நேசான்ஸ்' பிறப்பு, 'மரியாழ்' திருமணம், 'தெசே' இறப்பு என்ற மூன்று சொல் போதும். ஆளின் பெயரைத் தேடிப் பிடித்துவிடலாம். தேதியை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதியிருப்பார்கள், அது கொஞ்சம் படுத்தும்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பமென்றால் பீரோவில் 'லிவ்ரே தெ ஃபாமி' என்ற குடும்பக் கையேடு இருக்கும். முதலில் அதைத் திறங்கள். இன்னொன்று: 1881ஆம் வருட அரசாணையின்படி, தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆகவே கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தக் குடும்பப் பெயர் இருக்கும், அவருடைய அப்பாவுக்கு இருக்காது. "வேற ஆளு போல" என்று பதிவேட்டை மூடிவிடாதீர்கள்.

என் மனைவியின் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். சைகோனுக்குப் போய் வந்தவர். அவருடைய பென்ஷன் தாளில் இருந்த பிறந்த தேதிக்கும் மாதா கோயில் பதிவேட்டில் இருந்த ஞானஸ்நானத் தேதிக்கும் எட்டு மாத இடைவெளி. ஞானஸ்நானம்தான் முன்னால்! எதை நம்புவது என்று வீட்டில் இரண்டு நாள் சண்டை. பட்டாளத்துக்காக மாற்றிச் சொல்லியிருப்பார் என்பது என் கட்சி. பழைய கோயில் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி, ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து வேறு நாளில் போங்கள்.

நாள் குறிப்பது

ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மாவட்டம் படும் பாடு ஊரறிந்தது. 2015 நவம்பர் வெள்ளம் நினைவிருக்கும். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் டிசம்பர் தொடக்கத்தில் பெண்ணையாறு கரை புரண்டு ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் வந்தது. மயானங்கள் பெரும்பாலும் ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும்தான் இருக்கும். மழைக்குப் பின் ஒரு மாதம் கால் வைக்க முடியாது. கத்திரி வெயிலில் பெரியவர்களைக் கொல்லையில் நிறுத்துவதும் பாவம்.

பொங்கல் முடிந்து மாசி வரைதான் நல்ல காலம். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சொந்தக்காரர் பாதிப் பேரை ஒரே இடத்தில் பிடிக்கலாம், ஆனால் வண்டி நகராது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரிக் கூட்டம். அன்றைக்குச் சமாதி தேடக் கிளம்பாதீர்கள். மகா சிவராத்திரிக்கு அடுத்து வரும் மயானக்கொள்ளை அங்காளம்மன் கோயில் உள்ள ஊர்களில் பெரிய நாள். சமாதியில் படையல் வைக்க ஊரே மயானத்துக்கு வரும் இடங்களில், யாருடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல நாள் கிடையாது.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மழை மாதம்தான், ஆனாலும் அன்றைக்குக் கல்லறையெல்லாம் சுத்தமாக, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தியோடு இருக்கும். தூரத்துச் சொந்தங்களும் வந்திருப்பார்கள். புதுச்சேரி உப்பளம் கல்லறையில் அன்று மாலை நின்றால், பத்து வருடம் பார்க்காத ஆளையெல்லாம் பார்க்கலாம்.

டிசம்பர் 26 கடலோர ஊர்களில் துக்க நாள். 2004இல் சுனாமி கொண்டுபோனவர்களுக்காகக் கடலில் பால் ஊற்றி அழுகிற நாள். உங்கள் சொந்தத்தில் யாராவது அதில் போயிருந்தாலொழிய அன்றைக்கு மீனவர் தெருவில் விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வண்டியும் வழியும்

பத்துப் பேருக்கு மேல் என்றால் ஒரே வேன். இரண்டு கார் வேண்டாம். கதை எல்லாம் வண்டிக்குள்தான் நடக்கும், பாதிப் பேர் அதைத் தவறவிடுவார்கள். முதியவரை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இங்கதான் ஒரு சாவடி இருந்துச்சு" என்று அவர் கை காட்டும்போது கண்ணாடி முழுக்க அவருக்குத் தெரிய வேண்டும். பின்சீட்டுக்காரர் யாராவது செல்போனை நீட்டிக்கொண்டே வரட்டும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். அங்கிருந்து கடலூர் 25 கிலோமீட்டருக்குள், ஆனால் அரியாங்குப்பம், தவளக்குப்பம் நெரிசலில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45, பண்ருட்டி 25. பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில் விரிவாக்க வேலை பல வருடமாக நடந்தது. அந்தப் பக்கம் போவதானால் உள்ளூர் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சரிப்பட்ட வரிசை இது. முதல் நாள் புதுச்சேரி: காலையில் பதிவேடு, மதியம் சம்பா கோயில் என்கிற மாதா பேராலயம், மாலை உப்பளம் கல்லறை. கடலூரில் வந்து தங்கல். இரண்டாம் நாள் விடியற்காலை குலதெய்வம், பிறகு ஊர், பிறகு சமாதி, சாயங்காலம் திரும்பல். மூன்றாம் நாளை எதற்கும் எழுதி வைக்காதீர்கள். இரண்டாம் நாள் யாராவது, "இன்னாபா, சின்னப் பாட்டி இன்னும் உசுரோட இருக்குது, பாக்காம போறீங்களே" என்பார்கள். அந்த மூன்றாம் நாள் அவருக்கு.

குலதெய்வம் முன், மயானம் பின் என்ற வரிசையை மாற்றாதீர்கள். சமாதிக்குப் போய்விட்டுக் குளிக்காமல் கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போவதை ஊரில் ஏற்க மாட்டார்கள். பம்புசெட் ஒன்றில் குளிக்க ஏற்பாடு செய்து, மாற்றுத்துணியை வண்டியில் வைத்திருங்கள். கிளம்பும் முன் வீட்டில் தீட்டு ஏதும் இல்லையே என்றும் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அய்யனார் கோயில் வாசலில் பாதிப் பேர் வண்டியிலேயே உட்கார வேண்டிவரும்.

தாத்தா சமாதியில் சுருட்டும் சாராயமும் வைப்பது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் பாட்டிலைப் புதுச்சேரியில் வாங்கிக்கொண்டு ஆல்பேட்டை சோதனைச்சாவடி வழியாக வராதீர்கள். குடும்பத்தோடு போகும்போது தாத்தா பெயரைச் சொல்லிப் போலீஸிடம் விளக்கம் கொடுப்பது நன்றாக இருக்காது. எங்கள் சித்தப்பாவுக்கு அந்த அனுபவம் உண்டு.

பையில் என்ன இருக்க வேண்டும்

அரிவாள், கையுறை, தேங்காய் நார், மெல்லிய பிரஷ், இரண்டு குடம் தண்ணீர், டார்ச், சுண்ணாம்பு, மஞ்சள், சூடம், தீப்பெட்டி, வாழை இலை. மடக்கு நாற்காலி ஒன்று. முழங்கால் வலிக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பழைய போட்டோக்களின் நகல், பெரிய அளவில். மூலப்படத்தை எடுத்துவராதீர்கள், கை மாறி மாறிப் போய் யாராவது "இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றால் மறுக்க முடியாது. முழங்கால் வரை மறைக்கும் காலணி; கொல்லையில் பாம்பு உண்டு.

ஊருக்குள் நுழைவது

வேனைத் தெருவுக்குள் விடாதீர்கள். ஊர் முகப்பிலேயே நிறுத்தி, டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். பத்துப் பேர் திபுதிபுவென இறங்கினால் நிலத்துக்குப் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். இது கற்பனையில்லை. எங்கள் பங்காளி ஒருவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "பெரியப்பா, கும்பிட்டுட்டுப் போவ வந்தோம், ஒண்ணும் கேக்க வரல" என்று தம்பி வாசலில் நின்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. அதன் பிறகு சோறு போடாமல் அனுப்ப மறுத்துவிட்டார். அந்த முதல் வாக்கியத்தைக் கையில் வைத்திருங்கள். நிலம், பத்திரம், பங்கு என்ற பேச்சை அந்தப் பயணத்தில் யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டிலேயே சத்தியம் வாங்கிவிடுங்கள்.

பெண்கள் தனியாகப் பின்கட்டுக்குப் போய்ப் பேசட்டும். ஆண்கள் திண்ணையில் சொல்வது யாருக்கு யார் பிள்ளை என்பதை. யாரை எதற்காக ஊரை விட்டு அனுப்பினார்கள் என்பது பின்கட்டில் கிடைக்கும். பூவாடைக்காரியைப் பற்றியும் அங்கேதான் கேட்க வேண்டும். கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன வீட்டுப் பெண், கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேலை வைத்துப் படைக்கிறார்களே, அவள் பெயர் என்ன, எப்படிச் செத்தாள் என்று. பெரும்பாலும் சமாதியே இல்லாதவள் அவள்தான்.

மயான வேலை செய்பவரைத் தேடிப் போகும்போது சாதிப்பெயரைத் தொழிற்பெயராகச் சொல்லிக் கூப்பிடும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். "அண்ணே" போதும். அந்த மயானத்தில் எந்தக் குழி யாருடையது என்று கணக்கு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். முள் வெட்ட அரை நாள் ஆனாலும் முழு நாள் கூலி கொடுங்கள்.

சமாதியில்

முதலில் உறுதி, பிறகு மாலை. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் மட்டுமே அது உங்களுடையது. மரத்தை அடையாளமாகச் சொன்னால் அது தானேக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். சிமெண்ட் பூசாத மண்மேடு இருபது முப்பது வருடத்தில் தரையோடு போய்விடும். பொது மயானத்தில் அதே இடத்தில் இன்னொரு குழி வெட்டியிருப்பார்கள். கொல்லையில் வைத்த சமாதிதான் நிற்கும். வள்ளலார் வழியில் வந்த குடும்பங்களில் தேடுவது கொஞ்சம் எளிது. பிணத்தை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய விஷயம். வடலூரைச் சுற்றியுள்ள சன்மார்க்கக் குடும்பங்களில் சமாதி இருக்கும்.

கல் எழுத்தைப் படிக்க இரும்பு பிரஷ், ஆசிட் கூடவே கூடாது. பாசியை நனைத்து, ஊறவிட்டு, நாரால் மெல்லத் தேயுங்கள். வெயில் உச்சிக்கு வந்தால் எழுத்து தெரியாது. பெரிய துணியைப் பிடித்து நிழல் உண்டாக்கி, டார்ச்சைக் கல்லோடு கல்லாகப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். எங்கள் செங்கல் மேட்டில் ஒரு காரைப் பலகை பதித்திருந்தது. முதலில் வெறும் கீறலாகத் தெரிந்தது. என் மகள் டார்ச்சைக் கீழிருந்து பிடித்தபோது '௧௯௫' என்று மூன்று தமிழ் எண். நான்காவது உதிர்ந்துபோயிருந்தது. ௧ ஒன்று, ௯ ஒன்பது, ௫ ஐந்து. ஐம்பதுகளில் ஏதோ ஒரு வருடம். பழைய கல்லென்றால் தமிழ் எண்களின் வரிசையைப் போனில் படமாக வைத்திருங்கள். புதுச்சேரிக் கல்லறைகளில் 'இசி ரெப்போஸ்' என்று தொடங்கினால் 'இங்கே துயில்கிறார்'. 'நே' என்பதை அடுத்து வருவது பிறந்த தேதி, 'தெசெதே'யை அடுத்து இறந்த தேதி.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கல் வேலையெல்லாம் பெரிதாக உதவாது. பரங்கிப்பேட்டையில் நண்பரோடு போன இடத்தில் பல கபருகளில் பெயரே இல்லை. பள்ளிவாசல் முத்தவல்லியிடம் ஜமாஅத் பதிவைக் கேட்டதும், "உங்க நன்னா கபர் வேப்பமரத்துப் பக்கம்" என்று ஒரு பெரியவர் முன்னே நடந்தார். அங்கே நண்பர் ஸலாம் சொல்லி, யாசீன் ஓதி, பத்து நிமிடத்தில் முடித்தார். எங்கள் கூட்டம் படையலுக்கு எடுத்த மூன்று மணி நேரத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

மயானத்துக்குப் பெண்கள் வரலாமா என்ற கேள்வியை ஊரில் போய் எழுப்பாதீர்கள், வீட்டிலேயே முடிவெடுங்கள். எங்கள் அத்தைக்கு அப்போது 74 வயது. வருவேன் என்றார், வந்தார். அப்பா சமாதியை முதல் முறையாகப் பார்த்தவர் அழவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "தல இந்தப் பக்கமா, கால் இந்தப் பக்கமா?" என்று இரண்டு முறை கேட்டார். தெற்கே தலை என்று சொன்னதும் நாற்காலியைத் தூக்கித் தலைமாட்டுக்குப் போட்டுக்கொண்டார்.

ஒன்றும் கிடைக்காவிட்டால்

பாதிப் பேருக்கு இதுதான் நடக்கும். எரித்த குடும்பமென்றால் சமாதியே இருக்காது. சாம்பலைக் கரைத்த இடம்தான் உங்களுடைய இடம். கடலூர்க்காரர்களுக்கு அது பெரும்பாலும் சில்வர் பீச், பெண்ணை, கெடிலம். விருத்தாசலம் பக்கத்தவர்களுக்கு மணிமுத்தாறு. "காசிக்கு வீசம் பெருசு விருத்தகாசி" என்பார்கள். காசிக்குப் போக முடியாத நம் பாட்டன்மார் அங்கே போய்க் காரியம் செய்து முடித்தார்கள். அமாவாசை நாளில் அங்கே ஒரு தர்ப்பணம் கொடுத்துவிட்டு, வடலூர் தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியதாகவும் ஆகும்.

திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். சமாதியின் இருப்பிடத்தை வரைபடச் செயலியில் குறித்து, அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள், போன் மாறும். கூடவே மரமல்லாத அடையாளம் ஒன்று: மின்கம்ப எண், கிணறு, சர்வே கல். நான்கு திசையிலிருந்தும் போட்டோ. ஒவ்வொரு போட்டோவின் பின்னும் யார் நிற்கிறார்கள் என்று பெயர், உறவுமுறை. ஊரில் எடுத்த போட்டோக்களைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸப்பில் போனது போனதுதான், பிரிண்ட் சுவரில் ஏறும்.

சமாதியைக் கிரானைட்டில் எடுத்துக் கட்டலாம் என்று வெளிநாட்டுச் சொந்தம் ஒருவர் கட்டாயம் சொல்வார். நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு கல் வைக்காதீர்கள். வருடா வருடம் முள் வெட்டிச் சுண்ணாம்பு அடிக்க ஒருவரை ஏற்பாடு செய்வது அதைவிட நல்லது. எங்களுக்கு அந்த ஆடு மேய்க்கும் அம்மாவின் மகன்தான் செய்கிறார். போகிக்கு முந்தின நாள் போட்டோ அனுப்புவார். அவர் சுண்ணாம்பு கரைக்கும்போது அவருடைய தாத்தா சமாதிக்கும் சேர்த்துக் கரைப்பார்; கூலி ஒன்றுக்குத்தான் வாங்குவார். போன தை மாதம் போயிருந்தபோது அத்தை இரண்டு மாலை வாங்கி வந்திருந்தார்.